அலமாரியில் இல்லாத கதை

என் அக்கா பையனுக்கு ஆறு வயசு. போன செமஸ்டர் லீவுல வீட்டுக்குப் போனப்போ, கதை சொல்லு மாமான்னு ராத்திரி பக்கத்துல வந்து படுத்துக்கிட்டான். வாயைத் திறந்தா சிண்ட்ரெல்லாதான் வருது. எங்க ஆச்சி சொன்ன நண்டு கதை பாதி வரைக்கும் ஞாபகம் வந்தது, மீதி வரல. புத்தகத்தைப் பார்த்துச் சொல்லலாம்னா, அது நான் பார்த்த எந்தப் புத்தகத்துலயும் இல்ல. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம் நான். ஸ்கூல் லைப்ரரியில தமிழுக்குன்னு ஒரே ஒரு தட்டு இருந்துச்சு, அதுவும் பாதி நாள் பூட்டியே கிடக்கும்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்கும் இதே சங்கடம் வந்தது. அவர் பெயர் பூரா பெல்ப்ரே. நம்ம காதுக்குப் 'பூரா'ன்னா முழுசும்னு கேட்கும். ஸ்பானிஷில் அதற்குத் 'தூய' என்று பொருள்.

பூராவின் சொந்த ஊர் சிட்ரா. கரீபியன் கடலில் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரு மலை ஊர். அந்தத் தீவு 1898-ல் ஸ்பெயின் கையிலிருந்து அமெரிக்கா கைக்கு மாறியது. 1917-ல் அங்கிருந்தவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமையும் கிடைத்தது. ஆனால் வீட்டில் பேச்சு, பாட்டு, கதை எல்லாம் ஸ்பானிஷ்தான். பூராவுக்குக் கதை சொன்னது அவருடைய பாட்டி. டீச்சர் ஆகணும்னு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1920-ல் சகோதரி கல்யாணத்துக்காக நியூயார்க் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். கல்யாண வீட்டுக்குப் போன இடத்துல வாழ்க்கையே மாறிப்போச்சு.

முதலில் துணி தைக்கும் தொழிற்சாலையில் வேலை. 1921-ல் ஹார்லெம் பகுதியில் 135-ஆவது தெரு நூலகக் கிளையை நடத்திய எர்னஸ்டின் ரோஸ், அக்கம்பக்கத்தில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் பெருகுவதைக் கவனித்தார். அவங்களோட பேச அவங்கள்ல ஒருத்தர் வேணும்னு தோன்றியது. பூராவை வேலைக்கு எடுத்தார். நியூயார்க் பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் புவேர்ட்டோ ரிக்கோக்காரர் பூராதான். அவர் கறுப்பினத்தவரும்கூட. அந்தக் காலத்து அமெரிக்காவில் இதெல்லாம் சாதாரண விஷயம் இல்லை.

குழந்தைகள் பிரிவில் நாட்டுப்புறக் கதைகளுக்கென்று ஓர் அலமாரி இருந்தது. எந்தெந்த நாட்டுக் கதையோ இருந்தது. பூரா தேடிப் பார்த்தார். பாட்டி சொன்ன கதை ஒன்றுகூட இல்லை.

புலம்பிட்டு விட்டிருக்கலாம். நானா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பேன். 1920-களின் நடுவில் நூலகப் பள்ளியில் கதை சொல்லும் வகுப்புக்கு ஓர் அசைன்மென்ட் வந்தது. பாட்டியின் கதை ஒன்றையே எழுதிக் கொடுத்தார் பூரா. மார்ட்டினா என்ற கரப்பான்பூச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கும் கதை. வந்தவங்களை எல்லாம் வேண்டாம்னு சொல்லிவிட்டு, பெரெஸ் என்ற எலியைக் கட்டிக்கிறாள். கடைசியில் பெரெஸ் கொதிக்கிற பானைக்குள் விழுந்து செத்துப்போகிறான். சோகமான முடிவுதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்ம ஆச்சி கதைகள்லயும் யாராவது ஒருத்தர் செத்துக்கிட்டேதான் இருப்பாங்க! 1932-ல் அது 'பெரெஸ் அண்ட் மார்ட்டினா' என்று புத்தகமாக வந்தது. வெளியிட்டது ஃபிரெடெரிக் வார்ன். நாம சின்ன வயசுல படிச்ச 'பீட்டர் ராபிட்' புத்தகத்தைப் போட்ட அதே கம்பெனி.

இதுக்கு நடுவுலதான் அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் வருது. 1929-ல் பூரா 115-ஆவது தெருக் கிளைக்கு மாறினார். அந்தப் பகுதி ஸ்பானிஷ் குடும்பங்களால் நிரம்பிக்கொண்டிருந்தது. நூலகம் இலவசம், கதவு திறந்துதான் இருக்கு. இருந்தும் பலர் உள்ளே வரவில்லை. அது இங்கிலீஷ் தெரிந்தவங்களுக்கான இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாம ப்ராஜெக்ட்ல ஒரு ஆப் பண்ணி வைக்கிறோம், எல்லாம் சரியா ஓடுது, ஆனா யாருக்காகப் பண்ணினோமோ அவங்க தொடவே மாட்டேங்கிறாங்க. அந்த மாதிரிச் சிக்கல் இது. சர்வரை நோண்டிப் பிரயோஜனம் இல்லை.

பூரா வெளியே கிளம்பினார். தேவாலயங்களுக்கும் அந்தப் பகுதிச் சங்கங்களுக்கும் போய்த் தாய்மார்களிடம் ஸ்பானிஷில் பேசினார். ஸ்பானிஷ் புத்தகங்களை வாங்கி வைத்தார். கதை நேரத்தை இரண்டு மொழியிலும் நடத்தினார். கதை தொடங்கும்போது ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள், முடிந்ததும் குழந்தைகள் மனசுக்குள் ஒன்றை வேண்டிக்கொண்டு ஊதி அணைப்பார்கள். ஜனவரி 6-ஆம் தேதி அவர்கள் ஊரில் மூன்று ராஜாக்கள் திருநாள். அதை நூலகத்துக்குள்ளேயே கொண்டாட வைத்தார். பொம்மைகளைத் தன் கையாலேயே செய்து பொம்மலாட்டம் போட்டார். பிள்ளைக்குத் துணையாக வந்த அம்மாவுக்கும், இங்கே நம்ம பேச்சு கேட்குதேன்னு உட்காரத் தோணும் இல்லையா?

ஒரு கேள்வி மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. முதல் புத்தகம் வந்தது இங்கிலீஷில்தானே? அதன் ஸ்பானிஷ் பதிப்பு வரப் பல வருஷம் ஆச்சு. பாட்டி மொழியை விட்டுக்கொடுத்துட்டாரோன்னு முதல்ல தோணுச்சு. இப்ப அப்படித் தோணல. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் பாதிதான் புரியும், கிட்டத்தட்ட என் தமிழ் மாதிரி. எந்த மொழியில் புரியுமோ அதில் முதலில் கதையை உள்ளே விட்டார். கூடவே நேரில் ஸ்பானிஷிலும் சொன்னார்.

1943-ல் கிளாரென்ஸ் கேமரன் ஒயிட் என்ற வயலின் கலைஞரைக் கல்யாணம் செய்துகொண்டு வேலையை விட்டார். எழுத்தை மட்டும் விடவில்லை. 1946-ல் புவேர்ட்டோ ரிக்கோ கதைகளின் தொகுப்பு ஒன்று வந்தது. 1960-ல் கணவர் இறந்த பிறகு மறுபடி நூலகத்துக்கே வந்தார். இந்த முறை ஒரு கிளையோடு நிற்காமல், ஸ்பானிஷ் பேசும் குழந்தைகள் இருக்கும் கிளைகளுக்கெல்லாம் போய்க் கதை சொல்லும் வேலை. 1968-ல் ஓய்வு. ஆனா ஓய்வெல்லாம் பேருக்குத்தான். சவுத் பிராங்க்ஸ் பகுதியில் நூலகத் திட்டம் ஒன்றில் சேர்ந்து மறுபடி பொம்மலாட்டம் ஆரம்பித்துவிட்டார். 1971-ல் சக நூலகர் ஒருவரோடு சேர்ந்து, குழந்தைகளுக்கான ஸ்பானிஷ் புத்தகங்களுக்குக் குறிப்புகளோடு ஒரு பட்டியல் தயாரித்தார். நியூயார்க் பொது நூலகமே அதை வெளியிட்டது. ஒரு காலத்தில் தன் ஊர்க் கதை ஒன்றுகூட இல்லாத அலமாரியைப் பார்த்து நின்றவர், என்னென்ன வாங்கலாம், எதைப் படிக்கலாம்னு மற்றவங்களுக்கு எழுதிக் கொடுக்கிற இடத்துக்கு வர ஐம்பது வருஷம் ஆச்சு.

1982 ஜூலை 1-ஆம் தேதி பூரா காலமானார். 1996-லிருந்து லத்தீன் அமெரிக்க வம்சாவளி எழுத்தாளர்களும் ஓவியர்களும் செய்யும் சிறந்த குழந்தைப் புத்தகங்களுக்கு அவர் பெயரில் அமெரிக்காவில் விருது கொடுக்கிறார்கள்.

நண்டு கதையோட மீதியை ஆச்சிக்குப் போன் போட்டுக் கேட்டேன். காது சரியாக் கேட்காததால மூணு தடவை கத்திக் கேட்க வேண்டியதாப் போச்சு, ஹாஸ்டல் வராண்டாவே திரும்பிப் பார்த்தது. சொல்லி முடிச்சுட்டு, இது உனக்கு இப்ப எதுக்குடான்னு கேட்டாங்க. பரீட்சைக்குன்னு சொல்லிட்டேன்.