இரவல் அட்டை

புத்தகம் படிப்பதற்காகப் பொய்க் கடிதம் எழுதிய ஒருவரைப் பற்றி இந்த வாரம் சொல்கிறோம். அவர் பெயர் ரிச்சர்ட் ரைட். கருப்பின அமெரிக்க எழுத்தாளர்.

1908 செப்டம்பர் 4 அன்று மிசிசிப்பி மாநிலத்தில், நாட்செஸ் நகருக்கு அருகே பிறந்தார். தாத்தா பாட்டிமார் அடிமைகளாகப் பிறந்தவர்கள். அப்பா வெள்ளையர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர். குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஆசிரியையாக இருந்த அம்மா சமையல் வேலைக்குப் போனார், பிறகு பக்கவாதத்தில் படுத்தார். வயிறாரச் சாப்பிட்டது ஆர்கன்சாவில் சித்தி வீட்டில்தான். சித்தப்பா அங்கே மதுக்கடை நடத்தி நன்றாகச் சம்பாதித்தார். அதைப் பொறுக்காத வெள்ளையர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடலைக்கூடப் பார்க்க வழியில்லை. குடும்பம் இரவோடு இரவாக ஊரைவிட்டு ஓடியது. ரைட்டுக்கு அப்போது எட்டு வயதிருக்கும்.

1925இல் ஒன்பதாம் வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். விழாவில் பேச, வெள்ளையர் மனம் கோணாத ஓர் உரையைத் தலைமையாசிரியரே எழுதிக் கொடுத்தார். வாங்க மறுத்த ரைட், தான் எழுதியதையே படித்தார். ஆசிரியர் வேலை கிடைக்காமல் போகும் என்று தெரிந்தே செய்தார். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு மெம்பிஸ் நகரில் எடுபிடி வேலை. அங்கே நூலகம் இருந்தது. கருப்பினத்தவருக்குப் புத்தகம் கிடையாது. மென்கன் என்ற வெள்ளைக்கார எழுத்தாளரைப் பத்திரிகை ஒன்று திட்டித் தீர்த்திருந்தது. வெள்ளையரே திட்டும் அந்த வெள்ளையர் என்னதான் எழுதினார் என்று பார்க்க ஆசை. உடன் வேலை செய்த வெள்ளையர் ஒருவரிடம் நூலக அட்டையை இரவல் வாங்கினார். முதலாளி வேலைக்காரப் பையனிடம் கொடுத்தனுப்புவதுபோல ஒரு சீட்டு எழுதினார். சந்தேகம் வராதிருக்க, தன்னையே குறிக்கும் இழிசொல்லையும் அதில் சேர்த்தார். புத்தகம் உனக்கா என்று நூலகர் கேட்டபோது, தனக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னார். ஒரு புத்தகத்துக்காக இத்தனையையும் விழுங்க வேண்டியிருந்தது. ஆனால் அதன்பின் அவர் படிப்பதை நிறுத்தவில்லை.

1927இல் சிகாகோ போனார். அஞ்சலகத்தில் வேலை பார்த்தார், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், பின்னர் விலகினார். 1940இல் வந்த ‘நேட்டிவ் சன்’ நாவல் மூன்றே வாரத்தில் இரண்டு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1945இல் தன் பிள்ளைப் பிராயத்தை ‘பிளாக் பாய்’ என்று எழுதினார். மிசிசிப்பியின் செனட்டர் ஒருவர் நாடாளுமன்றத்திலேயே அதை வசைபாடினார். எங்களுக்கு அதைவிட உறுத்துவது வேறு. தெற்கின் கொடுமையைச் சொல்லும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, சிகாகோ அனுபவத்தைச் சொல்லும் இரண்டாம் பகுதியை வெட்டித்தான் அந்த நூல் வெளிவந்தது. அடுத்த ஊரின் அழுக்கைப் படிக்க எல்லோருக்கும் பிடிக்கும்! இரு பகுதிகளும் ஒரே நூலாக வர 1991 ஆனது.

ரைட் பாரிசில் குடியேறி 1947இல் பிரெஞ்சுக் குடிமகனானார். 1960 நவம்பர் 28 அன்று 52 வயதில் அங்கேயே இறந்தார். ‘பிளாக் பாய்’ பிரதி ஒன்றையும் உடன் வைத்து அவர் உடலை எரித்தார்கள்.