டென்னிஸ் ரிச்சி: பழைய மொழியை மாற்றத் துணிந்தவர்

மெர்போக்கில் வளர்ந்த நான் இப்போது பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கிறேன். ‘சி’ மொழியை விட்டு ‘ரஸ்ட்’ போன்ற புதிய மொழிகளுக்கு மாற வேண்டுமா என்ற விவாதம் எங்களிடையே அடிக்கடி எழும். இதற்கான விடை, ‘சி’ மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியின் வாழ்க்கையிலேயே இருப்பதாக நான் நினைக்கிறேன்.

1941-இல் அமெரிக்காவில் பிறந்த ரிச்சி, ஹார்வர்டில் இயற்பியல் படித்தார். 1967-இல், தம் தந்தை பணியாற்றிய பெல் ஆய்வுக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

1969-இல் அவருடைய சகா கென் தாம்சன் ‘யூனிக்ஸ்’ இயங்குதளத்தை எழுதத் தொடங்க, ரிச்சியும் கைகோத்தார். முதலில் அது அசெம்பிளி மொழியில் இருந்தது. ஒருவகைக் கணினிக்கு எழுதியது மற்றொன்றில் ஓடாது. இயங்குதளம் என்றாலே அசெம்பிளிதான் என்று பலர் எண்ணிய காலம் அது. ரிச்சி ‘சி’ மொழியை உருவாக்கினார். 1973-இல் இருவரும் யூனிக்ஸின் மையப் பகுதியை அதில் புதிதாக எழுதினர். 1983-இல் டியூரிங் விருது இருவரையும் தேடி வந்தது.

நினைவகத்தைக் கையாளும் பொறுப்பை ‘சி’ நம்மிடமே விட்டுவிடும். பத்து எண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பதினோராவதை எழுதினாலும் தடுக்காது. அன்றைய சிறிய கணினிகளுக்கு அது பொருத்தமே. இணையக் காலத்தில் அதுவே திருடனுக்குத் திறந்த கதவானது. 2014-இல் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ பிழை, எல்லை தாண்டிப் படிக்க விட்டதால் கடவுச்சொற்கள் கசியும் ஆபத்தை உண்டாக்கியது. ரஸ்ட்டோ நினைவகப் பிழைகளில் பலவற்றை நிரல் ஓடுவதற்கு முன்பே பிடித்துவிடும். எல்லை மீறினால் நிரலை நிறுத்திவிடும்.

ரிச்சி 2011 அக்டோபரில், 70 வயதில் காலமானார். ஸ்டீவ் ஜாப்ஸ் மறைந்த அதே மாதம் என்பதால் உலகம் அதை அதிகம் கவனிக்கவில்லை. ஆனால், ஐபோனின் அடித்தளமே யூனிக்ஸ் வழி வந்ததுதான். ரஸ்ட்டின் முதல் நிலையான பதிப்பு 2015-இல் வந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பால் வற்றிய ரப்பர் மரங்களை அகற்றி மறுநடவு செய்யும்போது, பகுதி பகுதியாகத்தான் செய்வார்கள். லினக்ஸும் அப்படித்தான். ‘சி’யில் எழுதப்பட்ட அது, 2022-இல் ரஸ்ட்டுக்கும் இடம் கொடுத்தது.

நண்பர்களே, ‘சி’யைப் படியுங்கள், நினைவகம் எப்படி இயங்குகிறது என்பது புரியும். ஆனால், அதிலேயே தேங்கிவிடாதீர்கள். தேவை வந்தபோது பழைய மொழியைக் கைவிட்டவர் ரிச்சி. நாமும் மாறுவது அவருக்குச் செய்யும் துரோகமல்ல, மரியாதை.