நைட்டிங்கேல் கேட்ட கணக்கு

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலைக் கையில் விளக்கேந்திய செவிலியாகவே நாம் அறிந்திருக்கிறோம். மருத்துவச் சேவையின் செயல்பாட்டை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வியை வாழ்நாளெல்லாம் விடாமல் எழுப்பிய புள்ளியியலாளர் என்ற மற்றொரு முகமும் அவருக்கு உண்டு. கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் இன்று வேண்டியது அந்த இரண்டாவது முகமே.

1820 மே 12 அன்று, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் செல்வச் செழிப்புள்ள ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையிலேயே கணிதத்தில் நாட்டம் மிகுந்திருந்தது. 1854 நவம்பரில், கிரிமியப் போரில் காயமுற்ற பிரிட்டிஷ் வீரர்களுக்கான ஸ்குட்டாரி மருத்துவமனைக்கு 38 பெண்களுடன் சென்றார். அங்கே குண்டடிபட்டு மாண்டவர்களைவிட வயிற்றுப்போக்காலும் காய்ச்சலாலும் மாண்டவர்களே மிகுதி. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு நாற்பதைத் தாண்டியிருந்த இறப்பு, மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு கழிவுநீர்க் கால்வாய்களைச் சீர்செய்த பின்னர் விரைவாகக் குறைந்தது. நாடு திரும்பி, வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளருடன் சேர்ந்து கணக்குகளை ஆராய்ந்தபோதுதான், தாம் பணியாற்றிய கட்டடத்தின் சீர்கேடே எத்தனை உயிர்களைக் குடித்தது என்பது அவருக்கு முழுமையாகப் புலப்பட்டது. அதனை வண்ண வரைபடமாக்கி ஆட்சியாளர்கள் முன் வைத்தார். 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

1860-இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டுக்கு, எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான ஒரு படிவத்தை முன்மொழிந்தார். சேர்ந்தவர், குணமடைந்தவர், இறந்தவர் ஆகியோருடன், குணமாகாமலே வெளியேறியவர்களுக்கும் அதில் இடம் இருந்தது. நிர்வாகங்கள் விரும்பாத கட்டம் அது. மரணத்தறுவாயில் இருப்பவரை வெளியே அனுப்பிவிட்டால் இறப்பு விகிதம் அழகாகிவிடும் அல்லவா?

ஆனால், அளவுகோலைத் தேர்வதில் அவரும் சறுக்கினார். 1863-இல் வெளிவந்த தம் மருத்துவமனை நூலின் பதிப்பில், ஃபாரின் முறைப்படி, ஓராண்டு இறப்புகளை ஒரே நாளில் உள்ளிருந்த நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்த அட்டவணையைச் சேர்த்தார். லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு நூற்றுக்கு 90-ஐத் தாண்டியது. சிறு நகரங்களில் ஏறத்தாழ 40. மருத்துவர்கள் கொதித்தெழுந்தனர். ஒரு படுக்கையில் ஓராண்டில் பலர் வந்து போகிறார்கள். ஆண்டு முழுவதும் வந்தவர்களால் வகுத்தால் விகிதம் பன்மடங்கு சுருங்கும். கடும் நோயாளிகள் தேடிவரும் பெருமருத்துவமனையைச் சிறு மருத்துவமனையோடு ஒப்பிடுவதும் முறையன்று. வகுக்கும் எண் மாறினால் தீர்ப்பே மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று பொருளியல் வகுப்பறையிலும் கிடைக்காது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தை உலுக்கிய மெத்தனால் சாராயச் சாவுகளை நினைத்துப் பாருங்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாதிக்கப்பட்டோர் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றனர். இறந்த இடத்தைக் கொண்டு எண்ணினால், ஒரே தெருவின் சாவுகள் நான்கு ஊர்களின் பதிவேடுகளில் சிதறும். அனுப்பிய மருத்துவமனை தேர்ச்சி பெற்றதுபோலும், ஏற்றுக்கொண்ட மருத்துவமனை தோற்றதுபோலும் தெரியும்.

மருத்துவமனையை எட்டாதவர்களை எப்படி எண்ணுவது? 1861 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நோயுற்றோரையும் வீடுகளின் நிலையையும் பதிய வேண்டும் என்று நைட்டிங்கேல் மன்றாடினார். அரசு இணங்கவில்லை.

நிதி ஆயோக்கின் 2019-20 சுகாதாரக் குறியீட்டில் பெரிய மாநிலங்களுள் தமிழ்நாட்டுக்கு இரண்டாமிடம். பெருமைதான். ஆனால், ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2017 மார்ச் மாத மாவட்ட எல்லைகளின்படி நடந்ததால், 2019 நவம்பரில் உதயமான கள்ளக்குறிச்சிக்கு அதில் தனி வரிசை இல்லை. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் பழைய விழுப்புரத்தின் சராசரிக்குள் கரைந்துபோனார்கள். இம்மக்களின் வாழ்நிலை குறித்து 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுக்க நேர்ந்தது.

இந்தியாவுக்கு நைட்டிங்கேல் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆயினும், 1859-இல் அமைந்த அரச ஆணையத்துக்காக இங்கிருந்த ராணுவ முகாம்களுக்கெல்லாம் வினாப்படிவம் அனுப்பி, பிரிட்டிஷ் வீரர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறப்பதை வெளிக்கொணர்ந்தார். பத்தாண்டுகளில் அது 18 ஆகக் குறைந்ததாக 1873-இல் எழுதினார். வீரர்களை மட்டும் எண்ணினால் போதாது என்று உணர்ந்தபின், அவர் கவனம் இந்தியக் கிராமங்களின் பக்கம் திரும்பியது. சேலம் மாவட்டத்தையும் சூறையாடிய 1876-78 சென்னை மாகாணப் பஞ்சத்தின்போது பாசனத்துக்காகவும் உழவர்களுக்காகவும் வாதாடினார். ஆக்ஸ்ஃபோர்டில் பயன்பாட்டுப் புள்ளியியலுக்கு ஓர் இருக்கை நிறுவ 1891-இல் அவர் செய்த முயற்சி கைகூடவில்லை. 1910 ஆகஸ்ட் 13-இல் மறைந்தார்.

முகாம்களுக்கு அவர் அனுப்பிய படிவம் குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று கேட்டது. வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சிற்றூருக்கும் அப்படி ஒரு படிவம் இன்று அனுப்பலாம். மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் எந்த இடம்வரை வரும், அங்கிருந்து கர்ப்பிணியை எத்தனை பேர் சுமக்கிறார்கள், கடந்த ஓராண்டில் வீட்டிலும் வழியிலும் இறந்தவர்கள் யார் யார் என்று அதில் கேட்க வேண்டும். மேலே அனுப்பப்பட்ட நோயாளி உயிரோடு ஊர் திரும்பினாரா என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.