கொக்குப் பாட்டு பாடிய முருகன்

விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மேளத்துக்குப் பெயர் பெற்ற எங்கள் வாடிப்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில், கோயில் திருவிழா என்றால் இன்றும் இந்த நாடகம் உண்டு. தினைப்புனத்தில் பரண் மேல் நின்று, கவண் சுற்றி, ஆலோலம் பாடி வள்ளி பறவைகளை விரட்டுவாள். நூறு வருடங்களுக்கு முன், அந்தக் காட்சியில் பாடப்பட்ட ஒரே ஒரு பாட்டுக்காக ஒரு நடிகரைப் போலீஸ் துரத்தியது. அவர்தான் தியாகி விசுவநாததாஸ்.

சிவகாசியில் 1886ம் ஆண்டு பிறந்தவர் இவர். பின்னர் மதுரைக்கு அருகே உள்ள திருமங்கலத்தில் வாழ்ந்தார். முடி திருத்தும் தொழில் செய்யும் குடும்பம். சிறு வயதிலேயே பாட்டில் ஆசை வந்துவிட்டது. குரலோ கணீரென்று இருக்கும். அந்தக் காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டும். அப்படிப் பாடியதால் முருகன் வேடத்துக்கு இவரை ஊர் ஊராக அழைத்தார்கள்.

ஆனால், மேடை ஏறுவது அவ்வளவு சுலபமாக இல்லை. இவருடைய சாதியைக் காரணம் காட்டி, இவருக்கு ஜோடியாக நடிக்கச் சில நடிகைகள் மறுத்தார்கள். முருகனாக வந்தால் விழுந்து கும்பிடும் ஊர், வேடத்தைக் கலைத்தால் தள்ளி நிற்கச் சொன்னது. என்ன வேடிக்கை பாருங்கள்!

இப்போது அந்தப் பாட்டுக்கு வருவோம். வள்ளி திருமணம் நாடகத்தை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். அதில் நடிக்கும் நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, நேராக மேடையில் சந்திப்பார்கள். ஸ்பெஷல் நாடகம் என்று அதற்குப் பெயர். ஒத்திகை இல்லாததால், சொந்தமாகப் பாட்டுகளைச் சேர்த்துப் பாட நடிகர்களுக்குச் சுதந்திரம் இருந்தது. விசுவநாததாஸ் அதை நன்றாகப் பயன்படுத்திக் கொண்டார். காந்தியடிகளின் இயக்கத்தில் சேர்ந்து கதர் உடுத்தத் தொடங்கியவர், முருகன் வேடத்திலேயே விடுதலைப் பாட்டுகளைப் பாட ஆரம்பித்தார்.

அவருக்குப் பாட்டு எழுதித் தந்தவர் மதுரை பாஸ்கரதாஸ். இவரது இயற்பெயர் வெள்ளைச்சாமி. பிற்காலத்தில், 1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் படத்துக்குப் பாட்டு எழுதியவரும் இவரே. ஜாலியன் வாலாபாக்கில் 1919ல் நடந்த படுகொலை பற்றியும் பாஸ்கரதாஸ் பாட்டு எழுத, விசுவநாததாஸ் அதை ஊர் ஊராகப் பாடினார்.

எல்லாவற்றிலும் ஜனங்களுக்கு மிகவும் பிடித்தது கொக்குப் பாட்டுதான். தினைப்புனத்துக்குக் கொக்கு வருகிறது, விரட்ட வேண்டும். கதைக்குப் பொருத்தமாகத்தானே இருக்கிறது? ஆனால் இந்தக் கொக்கு தினை தின்ன வந்த கொக்கு இல்லை. வியாபாரம் செய்ய வந்து நம் பிழைப்பைக் கெடுத்த கொக்கு. கொக்கின் நிறம் வெள்ளை அல்லவா? எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் அர்த்தம் சட்டென்று புரிந்துவிடும். உடனே கைதட்டல், ஒன்ஸ்மோர்!

போலீஸுக்கும் புரிந்தது. ஆனால் பாட்டில் வெள்ளைக்காரன் என்ற சொல்லே இல்லையே, குற்றப் பத்திரிகையில் எதை எழுதுவது? அப்படியும் விடவில்லை. நாடகங்களைத் தடுக்க, 1876லேயே அரசு ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தது. நாடகத்துக்குத் தடை, பாட்டுக்குத் தடை, பிறகு கைது என்று தொடர்ந்தது. பலமுறை சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் மறுபடி மயில் மேல் ஏறுவார். மறுபடி அதே பாட்டு.

நடிகர் சிறையில் இருந்தால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? கடன் ஏறியது. திருமங்கலம் வீடும் அடமானத்துக்குப் போனது. அரசை எதிர்த்துப் பாடுவதை நிறுத்திவிட்டு, யுத்தப் பிரசாரத்துக்குப் பாடினால் கடனை அடைத்து, மாதாமாதம் பணமும் தருவதாக அரசுத் தரப்பிலிருந்து ஆசை காட்டினார்கள் என்பர். அவர் சம்மதிக்கவில்லை. வீடா, பாட்டா என்று வந்தபோது பாட்டைத்தான் வைத்துக் கொண்டார்.

1940ம் ஆண்டு டிசம்பர் 31ம் தேதி. சென்னையில் வள்ளி திருமணம். உடல் தளர்ந்திருந்தும் முருகனாக மயில் மேல் அமர்ந்து பாடத் தொடங்கினார். பாடிக் கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்தது. நடிப்பு என்றே ஜனங்கள் முதலில் நினைத்தார்கள். மயில் மேல் இருந்தபடியே அவர் உயிர் பிரிந்திருந்தது. வயது 54. சுதந்திரம் வர இன்னும் ஆறரை ஆண்டுகள் இருந்தன.

வாடிப்பட்டியிலிருந்து நான்கு வழிச்சாலையில் தெற்கே போனால் திருமங்கலம் வந்துவிடும். அங்கே அவர் பெயரில் நினைவு இல்லம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால், அப்பா அம்மாவிடம் சொல்லி ஒரு நிமிடம் இறங்கிப் பாருங்கள்.