சாக்கு நிறையப் புத்தகங்கள்

வென்ட்டில் நாடகம், வென்ட்டில் அரங்கேற்றம் என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு, வென்ட் என்பது கில்ட்ஃபோர்ட் கிரசன்டிலுள்ள ஒரு மண்டபத்தின் பெயர். அந்தப் பெயருக்குரியவர் தான் வாசித்த புத்தகங்களைப் பிறருக்குக் கொடுத்து மகிழ்ந்த ஒரு மனிதர் என்பதை நான் வைத்தியராகிப் பல வருடங்களின் பின்புதான் அறிந்தேன். கல்லூரி நூலகத்தில், பின்னட்டைப் பைக்குள் இருந்த அட்டையில் எங்களுக்கு முன் அந்தப் புத்தகத்தை எடுத்த அக்காமாரின் பெயர்களைப் பார்த்து நாவல் தெரிவுசெய்த தோழியருக்கு அவருடைய கதை பிடிக்கும் என்று நம்புகிறேன்.

லயனல் வென்ட் 1900 டிசம்பரில் கொழும்பில் ஒரு பறங்கிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஹென்றி லொரென்ஸ் வென்ட் உயர் நீதிமன்ற நீதியரசர். புகைப்படக் கலையில் ஈடுபாடு கொண்டவர். இருபது வயதாவதற்கு முன்னரே லயனல் பெற்றோர் இருவரையும் இழந்துவிட்டார். லண்டனுக்குப் போய்ச் சட்டம் படித்தார்; அங்கேயே றோயல் இசைக் கழகத்தில் பியானோவும் பயின்றார். 1924 இல் சட்டத்தரணியாக நாடு திரும்பியவருக்கு நீதிமன்றம் ஒத்துவரவில்லை. சில காலத்தில் அதை விட்டுவிட்டுப் பியானோ வாசிப்பதும் கற்பிப்பதுமாக வாழத் தொடங்கினார். குடும்பத்தின் எதிர்பார்ப்புக்காக ஒரு துறையில் சேர்ந்து, மனம் இன்னொன்றில் இருக்கும் நிலை எங்களிற் பலருக்குப் புதிதல்ல.

1929 இல் சிலி நாட்டுக் கொன்சலாகக் கொழும்புக்கு ஒரு இளைஞர் வந்து சேர்ந்தார். பின்னாளில், 1971 இல், இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற கவிஞர் பாப்லோ நெரூடாதான் அவர். அப்போது வயது 24. வெள்ளவத்தைக் கடற்கரையோரம் ஒரு சிறு பங்களாவில், ஒரு நாயும் ஒரு கீரியும் துணையாக இருந்தார். தாய்மொழி ஸ்பானியம், அதைப் பேச இங்கு ஆளில்லை. ஆங்கிலேயரின் கழகங்களும் விருந்துகளும் அவருக்கு ஒத்துவரவில்லை. வெள்ளவத்தை அன்று நகரத்துக்கு வெளியே தள்ளியிருந்த இடம்.

இங்கிலாந்தில் வெளியாகும் புதிய புத்தகங்களை உடனுக்குடன் வரவழைத்து ஒரு பெரிய நூலகமே வைத்திருந்தார் வென்ட். அந்தத் தனிமை மனிதருக்கு அவர் வாரந்தோறும் ஒரு சாக்கு நிறையப் புத்தகங்களைச் சைக்கிளில் ஆள் மூலம் அனுப்பிவைத்தார். நெரூடா அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார். 1928 இல் புளோரன்ஸ் நகரில் தனிப்பட்ட முறையில் அச்சிடப்பட்ட, டி. எச். லோறன்ஸின் சற்றலி சீமாட்டி பற்றிய நாவலின் முதற்பதிப்பையும் அவர் அக்காலத்திலேயே படித்தார். முழுமையான வடிவில் அந்த நாவல் 1960 வரை இங்கிலாந்தில் வெளிவர முடியவில்லை. வெள்ளவத்தையிலோ அது 1929 அளவிலேயே வாசிக்கப்பட்டது!

அந்நிய மொழி நாவலை எப்படி வாசிப்பது என்று தங்கைமார் கேட்பதுண்டு. சொல்லுக்குச் சொல் அகராதியைத் திறந்தால் கதை ஓடிவிடும். தெரியாத சொல்லைத் தாண்டிப் போங்கள். மூன்றாம் முறை வரும்போது அதுவே தன் பொருளைச் சொல்லும். அடுத்த புத்தகத்தைத் தெரிந்து தர ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நெரூடாவுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார்.

1930 இல் நெரூடா பத்தேவியாவுக்கு மாற்றலாகிப் போனார். வென்ட் புகைப்படத்தில் மூழ்கினார். கிராமங்கள், நடனக்காரர், உழைக்கும் மனிதர் ஆகியோரை அவர் எடுத்த படங்கள் இன்றும் உலகின் கலைக்கூடங்களில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. பசில் றைட் 1934 இல் எடுத்த சோங் ஒவ் சிலோன் என்ற படத்தில், 17ஆம் நூற்றாண்டில் றொபட் நொக்ஸ் எழுதிய இலங்கை பற்றிய நூலின் பகுதிகளைப் படிக்கும் குரல் வென்ட்டினுடையது. ஜோர்ஜ் கீற் போன்ற ஓவியர்களுக்குத் துணை நின்று, 1943 இல் 43 குழு உருவாக வழிசெய்தார். 1944 டிசம்பரில், 44 வயதில், மாரடைப்பால் காலமானார். அந்த வயதை இப்போது தாண்டியிருக்கும் எனக்கு, அவர் செய்து முடித்தவற்றை எண்ணும்போது கூச்சமாக இருக்கிறது. அவர் நினைவாக எழுந்த அரங்கு 1953 இல் திறக்கப்பட்டது.

இத்துடன் நிறுத்தினால் அழகான கதைதான். ஹெவ்லொக் டவுனில் எங்கள் வீட்டில் மாதமொரு முறை கூடிப் புத்தகம் மாற்றிக்கொள்ளும் தோழியரிடம் நானும் முதலில் இவ்வளவுதான் சொன்னேன். சைக்கிளில் வந்த சாக்கைப் பற்றி நெரூடா எழுதியது அவரது நினைவுக் குறிப்பில். அவர் இறந்த பின் 1974 இல் வெளியான நூல் அது. அதைப் பிறகு முழுமையாக வாசித்தேன். அதே வெள்ளவத்தை வீட்டுக்கு விடியற்காலையில் மலவாளி அகற்ற வந்த ஒரு தமிழ்ப் பெண்ணைத் தான் பலவந்தம் செய்ததை அவரே அதில் எழுதியிருக்கிறார். அவள் அசையாமல், கண் திறந்தபடியே கிடந்தாள் என்றும், தன்னை இகழ்ந்தது சரியே என்றும் ஒப்புக்கொள்கிறார். அவள் பெயரை எழுதவில்லை. 2018 இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூடாவின் பெயரைச் சூட்டும் யோசனை எழுந்தபோது, சிலி நாட்டுப் பெண்கள் இதைச் சுட்டிக்காட்டி எதிர்த்தார்கள். நாங்களோ, அவள் நடந்த தெருக்களிலேயே வாழ்ந்துகொண்டு, அவளை அறியாதிருந்தோம்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தையும் சொன்னேன். ஒரு தோழி இனி நெரூடாவைத் தொடமாட்டேன் என்றாள். இன்னொருத்தி, அவளைப் பற்றி வேறெங்கும் ஒரு வரியும் இல்லாததால் அந்த நூலை வாசித்தே ஆக வேண்டும் என்றாள். இருவரையும் என்னால் மறுக்க முடியவில்லை. மருந்து எழுதிக் கொடுக்கும்போது பக்க விளைவையும் சொல்வது என் தொழில். புத்தகத்துக்கும் அப்படித்தான் என்று அன்று தீர்மானித்தேன்.

வென்ட்டைப் போலத் தாராளமாகக் கொடுப்போம், தோழியரே. எங்கிருந்தாலும் ஒரு தங்கைக்கு ஒரு நாவலை அனுப்புங்கள். அதில் என்ன இருக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை வென்ட்டில் ஒரு நாடகம் பார்க்கப் போகும்போது, சாக்கை அனுப்பியவரோடு பெயரில்லாத அந்தப் பெண்ணையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.