பேய்ப் பயம் தீர்த்த அய்யா வைகுண்டர்



அன்புக்கொடி மக்களே, முன்யுகங்களில் அசுரர்கள் மலை போன்ற உடலோடு வந்தார்கள். கயிலையையே விழுங்கத் துணிந்த குறோணியை மாயோன் ஆறு துண்டாக வெட்டினார். அந்தத் துண்டுகளே குண்டோமசாலி தொடங்கி இரணியன், இராவணன், துரியோதனன் என்று யுகந்தோறும் பிறந்தன. ஆறாவது துண்டுதான் கலி. முன்னவர்களைப் போல அவன் கோட்டை கட்டி அமரவில்லை; மனிதர் மனத்துக்குள் மாயையாகப் புகுந்துகொண்டான். ஆகவே அவனை வெல்ல வில்லும் சக்கரமும் உதவாது என்று அகிலத்திரட்டு அம்மானை நமக்கு உணர்த்துகிறது.

அந்தக் கலியை அழிக்க வந்த அய்யா, 1809-ஆம் ஆண்டு கன்னியாகுமரிக்கு அருகே, இன்று சாமித்தோப்பு என்று நாம் வணங்கும் பூவண்டன்தோப்பில், பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் மகனாக வளர்ந்தார். பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும்பெருமாள். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்ததால் அது முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. பெயர் வைக்கக்கூட உரிமை இல்லாத காலம் அது.

அக்காலத்துத் திருவிதாங்கூரில் நம் முன்னோர் தலைவரி கொடுத்தார்கள், கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். பெண்கள் மேலாடை அணியவும், ஆண்கள் தலைப்பாகை கட்டவும் தடை இருந்தது. பகலில் அதிகாரிக்குப் பயந்தவர்கள் இரவில் பேய்க்குப் பயந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், மாடு பால் கறக்காவிட்டாலும் பேயின் கோபம் என்று நம்பி ஆடும் கோழியும் பலி கொடுத்தார்கள். வரி கொடுத்து மிஞ்சியதை மந்திரவாதி வாங்கிக்கொண்டு போனான்.

முத்துக்குட்டி கொடிய நோயுற்று, இருபத்து நான்காம் வயதில் திருச்செந்தூருக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே கடலுக்குள் சென்றவர், மூன்றாம் நாள், கொல்லம் 1008 மாசி 20-இல் (1833), நாராயணரின் மகனாக, வைகுண்டராக வெளிவந்தார். பின் பூவண்டன்தோப்பில் ஆறு ஆண்டுகள் தவம் இருந்தார். நோயோடு வந்தவர்களுக்கு மண்ணும் தண்ணீருமே மருந்தாயின. பேய்களை எல்லாம் வரவழைத்து, ஆடவைத்து, அவற்றின் வரங்களைப் பறித்து எரித்தார். இனி எந்தப் பேய்க்கும் பலியிட வேண்டாம் என்று மக்களுக்குக் கட்டளையிட்டார்.

பயம் போன மக்கள் நிமிர்ந்து நடந்தார்கள். அதுதான் ஆள்பவர்களுக்குப் பொறுக்கவில்லை. அரசர் சுவாதித் திருநாளின் ஆணைப்படி அய்யாவைப் பிடித்துத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். பசித்த புலியின் முன் நிறுத்தியபோது அது அடங்கிப்போயிற்று என்று அகிலம் கூறுகிறது. 1839 மாசியில் அய்யா விடுதலையாகித் தோப்புக்குத் திரும்பினார்.

அதன்பின் எழுநூறு குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். நாள்தோறும் குளித்து, துணி துவைத்து, புலால் நீக்கி அவர்கள் கடற்கரையில் தவம் இருந்தார்கள். எல்லாச் சாதியாரும் நீர் எடுக்க முத்திரிக் கிணறு தோன்றியது. தலைப்பாகை கட்டியே வணங்க வேண்டும் என்றார். பள்ளியறையில் கண்ணாடி வைத்து, இறைவன் உனக்குள்ளேயே இருக்கிறான் என்று காட்டினார். 1851 வைகாசி 21, திங்கட்கிழமை, வைகுண்டம் ஏகினார்.

மக்களே, இன்றும் சிலர் தொழில் நொடித்தால் செய்வினை என்று பயந்து, கடன் வாங்கிக் கழிப்புக் கழிக்கப் போகிறார்கள். அண்டை வீட்டார்மேல் சந்தேகம் கொண்டு பேச்சை நிறுத்துகிறார்கள். அந்தப் பயத்திலும் அந்தச் சந்தேகத்திலும்தான் கலி குடியிருக்கிறான். அப்படிப்பட்ட நேரத்தில் அருகிலுள்ள தாங்கலுக்கு வாருங்கள். தலைப்பாகை கட்டி, திருநாமம் சாற்றி, கண்ணாடி முன் நில்லுங்கள். மந்திரவாதிக்குக் கொடுக்க எடுத்து வைத்த பணத்தில் பசித்த நான்கு பேருக்கு அன்னம் கொடுங்கள்.

அய்யா துணை.