மண்மேட்டைப் படித்த ஆசிரியர்

காவிரிக் கடைமடையான காரைக்காலும், வடக்கே அமைந்த புதுச்சேரியும் முன்னர்ப் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தன. அவ்வாட்சிக் காலத்தில், 1909ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு ஆசிரியராக வந்தவர் ழுவோ துப்ரேய். 1885இல் சைகோனில் பிறந்த இவர் கற்பித்தது அறிவியல். இவருள்ளம் தோய்ந்ததோ தென்னிந்தியத் தொல்லியலில்.

பழங்கோயில்களை நேரில் கண்டு ஆராய்ந்தார். தூண், போதிகை, மாடம் ஆகியவற்றின் வடிவங்கள் காலந்தோறும் மாறிவந்த முறையை ஒப்பிட்டு, கல்வெட்டில்லாத கோயிலின் காலத்தையும் கணிக்க வழிகண்டார். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் மறைந்திருந்த பல்லவர்கால ஓவியங்களை 1931இல் வெளிக்கொணர்ந்தார்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது அரிக்கமேடு. அங்குள்ள பழஞ்செங்கற்களை ஊரார் பெயர்த்தெடுத்து வந்தனர். சிறுவர்களோ மணிகளைப் பொறுக்கினர். 1937இல் அச்சிறுவர்களிடமிருந்து துப்ரேய் பெற்ற மணிக்கல் ஒன்றில் தலையுருவம் செதுக்கப்பட்டிருந்தது. அதனை உரோமப் பேரரசர் அகஸ்டசின் உருவமென அவர் கருதினார். பலரும் கடந்துசென்ற மண்மேடு, பண்டைய வணிகத்தின் தடயமாக அவருக்குத் தோன்றியது.

அவர் கருத்து வீண்போகவில்லை. 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலிய மட்கலங்களும் மதுச்சாடிகளும் வெளிப்பட்டன. அக்கலங்களின் காலம் முன்பே அறியப்பட்டிருந்ததால், உடன்கிடைத்த உள்நாட்டுக் கலங்களின் காலமும் தெளிவுற்றது. சங்க இலக்கியம் பாடிய யவன வணிகத்திற்கு மண்ணே சான்றானது.

அதே ஆண்டில் துப்ரேய் பாரிசில் மறைந்தார். சிறுவர் கையிலிருந்த சிறுகல்லையும் புறக்கணியாத அவரது கூர்நோக்கு, தமிழகக் கடல்வணிக வரலாற்றுக்குப் புதுவாயில் திறந்தது.